ஐம்பது நிமிட அந்தி: குமரிக் கடற்கரையில் சூரிய மறைவைப் படமெடுத்தல்

நிலக்காட்சிப் படமெடுப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ‘கோல்டன் அவர்’ (சூரியன் தாழ்ந்திருக்கும்போது வரும் பொன்வெளிச்ச நேரம்) என்றால் உண்மையிலேயே ஒரு மணி நேரம் நீளும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைந்த பிறகும் கருக்கல் வெளிச்சம் 40 நிமிடத்துக்கு மேல் நிற்கும். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போய் முக்காலியை விரிப்பவருக்கு, ஃபில்டரைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் வெளிச்சம் போய்விடும்.

காரணம் எளிது. கன்னியாகுமரி 8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து சறுக்காமல் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. தொடுவானத்துக்கு 6 டிகிரி மேலே பொன்வெளிச்சம் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், அங்கிருந்து சூரியன் மறைய 28 முதல் 30 நிமிடம் ஆகும். மறைந்தபின் 6 டிகிரி கீழே போக 21 முதல் 23 நிமிடம். ஆகக் கூடி ஐம்பது நிமிடத்தைச் சற்றே தொடும். ஆண்டு முழுவதும் பெரிய மாற்றம் இல்லை. அந்தியில் படமெடுக்கக் கற்றுக்கொள்வது என்றால், நம்மைப் பொறுத்தவரை, இந்த ஐம்பது நிமிடத்துக்குள் எதையும் யோசிக்க வேண்டியிராதபடி எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைக்கக் கற்றுக்கொள்வதுதான்.

முதலில் யோசிக்க வேண்டியது திசை. சூரியன் நேர் மேற்கில் மறைவது மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22-ஐ ஒட்டியும்தான். ஜூன் மூன்றாம் வாரத்தில் அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே போயிருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அதே அளவு தெற்கே. மொத்தம் 48 டிகிரி ஊசலாட்டம். கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில், ஏபிஎஸ்-சி சென்சாரில் (முழுச் சட்டக் கேமராவில் இருப்பதைவிடச் சிறிய வகை), கிடைமட்டமாக 66 டிகிரி அகலம் அடங்கும். அதாவது சூரியனின் ஓராண்டு நடமாட்டம் ஒரு சட்டகத்தின் முக்கால் பங்கை அடைக்கிறது. ஜனவரியில் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அதே பாறையில் ஜூலையில் போய் நின்றால், சூரியன் சட்டகத்துக்கு வெளியே நிற்கலாம்.

குமரி மாவட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. கன்னியாகுமரி முனையிலிருந்து மணக்குடி, சொத்தவிளை வழியாக முட்டம் வரை கரை மேற்கு நோக்கி ஓடுகிறது. மேற்கிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்காகச் சாய்ந்திருக்கிறது. எனவே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை முனையில் நின்று பார்த்தால் சூரியன் கரைக்குப் பின்னால் நிலத்தில் இறங்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கடலில் இறங்கும். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வந்து ‘கடலில் விழவே இல்லையே’ என்று ஏமாந்து போகிறவர்கள் இதனால்தான் அத்தனை பேர்.

முட்டத்தில் கதை வேறு. முட்டம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. அதற்கு அப்பால் கரை குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று வடமேற்காகத் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் கரைக்கோடு மேற்கிலிருந்து 37 டிகிரிக்கும் மேலாக வடக்கே விலகிப் போகிறது. சூரியன் 24 டிகிரிக்கு மேல் வடக்கே போவதில்லை. ஆகவே முட்டத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் கடலில்தான் மறைகிறது. முன்னணிக்குப் பாறைகளும் உண்டு, கலங்கரை விளக்கமும் உண்டு. கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு மாவட்டத்தில் ஒரே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால் முட்டத்தைத்தான் சொல்லத் தோன்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், மேகம் மூடும். அந்த மாதங்களில் முட்டத்துப் பாறைகளைத் தூரத்திலிருந்து, தொலைவை அருகே இழுக்கும் டெலி லென்ஸில் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த மாதங்களில் உள்நாட்டுக்குப் போவது இன்னும் நல்லது. கன்னிப்பூ (ஆண்டின் முதல் போக நெல்) நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நிற்கும். நாற்று இன்னும் குட்டையாக இருப்பதால் வானம் அப்படியே அதில் தெரியும். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தாமரை இலைகளுக்கு நடுவே திறந்த நீர்ப்பரப்பு கிடைக்கும். சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் மலைத்தொடரும் பனைகளும் சூரியன் பக்கமாகவே வந்து நிற்கும். வயல் வரப்பில் நிற்பதற்கு முன் அங்கே யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “அண்ணாச்சி, வரப்புல நின்னு ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்றால் வேண்டாம் என்பவர் குறைவு, எந்த வரப்பு இளகியிருக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். கரையில் வலை பின்னுகிறவர்களைப் படமெடுக்கும்போதும் இதே மரியாதை வேண்டும்.

மலை இருக்கும் இடத்தில் பஞ்சாங்க நேரத்தை நம்பக் கூடாது. கன்னியாகுமரியில் சூரிய மறைவு நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பும் ஜூலையில் 6.40-ஐ ஒட்டியும் இருக்கும். இது தட்டையான தொடுவானத்துக்கான நேரம். மேற்கே மலை இருந்தால் தொடுவானத்துக்கு மேல் மலை எழும்பித் தெரியும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே சூரியன் ஒளிந்துகொள்ளும். தென்காசி, தேனிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்கையாக அடுக்கிப் பிடித்தால் ஒரு விரல் அகலம் ஏறத்தாழ 2 டிகிரி. மூடிய கைமுட்டி 10 டிகிரி. வெளிநாட்டுக் கையேடுகளில் ஒரு விரலுக்கு 15 நிமிடம் என்று போட்டிருக்கும். நம் அட்சரேகையில் ஒரு விரலுக்கு 8 நிமிடம்தான். முட்டிக்கு 40 நிமிடம். சூரியன் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே அதற்கும் மலை முகட்டுக்கும் இடையே கையை நீட்டி அளந்து கொள்ளுங்கள். சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல், அதை விரல்களால் மறைத்தபடி அளக்க வேண்டும்.

கடலிலும் ஒரு மலை உண்டு: தொடுவானத்தில் படியும் தூசும் ஈரப்பதமும். தெளிவாகத் தெரியும் நாளிலும் சூரியன் கடலைத் தொடுவதற்கு ஓரிரு டிகிரி முன்பே அந்தத் திரைக்குள் மங்கிப்போவது வழக்கம். அதனால் முழு வட்டமாகச் சூரியன் வேண்டும் என்றால் பஞ்சாங்க நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே அந்தப் படத்தை எடுத்து முடித்துவிட வேண்டும்.

அடுத்தது மேகம். மேகமே இல்லாத வானத்தில் சூரியன் மட்டும் சிவக்கும். வானம் சும்மா கிடக்கும். தாழ்ந்த கனத்த மேகம் மூடினால் எதுவுமே இல்லை. வேண்டியது உயரத்தில் பஞ்சுப்பிசிறாகவோ மீன்செதில் போலவோ பரவிய மேகமும், மேற்கே தொடுவானத்தில் ஒரு திறந்த இடைவெளியும். சூரியன் கீழே போன பிறகு அதன் ஒளி அந்த இடைவெளி வழியாக வந்து மேகத்தின் அடிவயிற்றைத் தொடுகிறது. காற்றுமண்டலத்தை அத்தனை தூரம் கடந்து வருவதற்குள் நீலம் எல்லாம் சிதறிப்போய்ச் செம்மை மட்டும் மிஞ்சுகிறது. இடைவெளி எவ்வளவு தூரத்தில் வேண்டும் என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 8 கி.மீ. உயரத்தில் இருக்கும் மேகத்தை கடைசியாகத் தொடும் ஒளிக்கதிர், நமக்கு மேற்கே சுமார் 320 கி.மீ. தூரத்தில் தரையை உரசிக்கொண்டு வருகிறது. கன்னியாகுமரிக்கு அது லட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காய்த் தீவுக்குப் போகும் வழியில் பாதியைத் தாண்டிய நடுக்கடல். சென்னையில் இருப்பவருக்கு அது பெங்களூருக்கும் அப்பால். பெங்களூர்ப் பக்கம் மாலையில் இடிமேகம் நின்றால், சென்னை வானத்தில் எவ்வளவு அழகான மேகம் இருந்தாலும் அது சாம்பலாகவே இருந்துவிடும்.

ஆகவே மாலை 4 மணிக்கு வானிலைத் துறை தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். தலைக்கு மேல் மெல்லிய மேகம், மேற்கே 300 கி.மீ. வாக்கில் திறப்பு என்றால் கிளம்பிவிடலாம். வடகிழக்குப் பருவமழையின்போது மழை விட்ட மாலை எல்லாவற்றையும்விடச் சிறந்தது. மழை தூசைக் கழுவிவிடுகிறது. பெரிய தூசித் துகள் குறைந்த வானத்தில்தான் நிறம் சுத்தமாக வரும். புழுதி நிறைந்தால் சிவக்கும் என்று பலர் நம்புகிறார்கள். புழுதி நிறைந்த வானம் மங்கிய மஞ்சளாகத்தான் வரும்.

இனி கேமரா. பொருள்களைப் பெரிதாக அடுக்க வேண்டாம். கேமரா, அகல லென்ஸ் ஒன்று, முடிந்தால் 200 மி.மீ. வரை போகும் டெலி ஒன்று, ஆடாத முக்காலி, வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), தலையில் மாட்டும் டார்ச், இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள். துணி இரண்டு என்பது முக்கியம். ஒன்று உப்பு ஈரத்தில் நனைந்துவிடும்.

சூரியன் படத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சென்சாரில் விழும் சூரியனின் குறுக்களவு, லென்ஸின் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 108-இல் ஒரு பங்கு. 18 மி.மீ. லென்ஸில் அது 0.17 மி.மீ. புள்ளி. 200 மி.மீ.யில் 1.9 மி.மீ.; ஏபிஎஸ்-சி சட்டகத்தின் அகலத்தில் 8 சதவீதம். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் பெரிய செம்பந்து வேண்டும் என்றால் அகல லென்ஸால் ஆகாது; கலங்கரை விளக்கத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளிப்போய் டெலியில் எடுக்க வேண்டும். டெலியில் எடுக்கும்போது கண்ணாடி வழியாகப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் சூரியனைப் பார்க்கவே கூடாது. லைவ் வியூ திரையில் பாருங்கள். சூரியன் செம்பந்தாக மங்குவதற்கு முன் நீண்ட நேரம் அதை நோக்கிக் கேமராவை நிறுத்தி வைக்காதீர்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பம் சென்சாரையும் ஷட்டரையும் பதம் பார்க்கும்.

ஃபோகஸ் விஷயத்தில் ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். ஏபிஎஸ்-சி கேமராவில் 18 மி.மீ., எஃப் 11 (அபர்ச்சர் என்னும் லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) வைத்து 1.5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்றுக்கொள்ளக்கூடிய கூர்மை கிடைக்கும். முழுச் சட்டக் கேமராவில் 24 மி.மீ., எஃப் 11 என்றால் 1.8 மீட்டர், 0.9 மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு. பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் கணக்குச் சொல்வதைவிடச் சற்றுத் தள்ளி, 2 மீட்டருக்கு மேல் ஃபோகஸ் வையுங்கள். தொலைவு மேலும் கூர்மையாகும். வெளிச்சம் இருக்கும்போதே லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கருக்கலில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து விலைமதிப்புள்ள நிமிடங்களைத் தின்னும். ஜூம் வளையத்தைத் தெரியாமல் திருப்பினால் ஃபோகஸ் மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எஃப் 22-க்குப் போகாதீர்கள். அபர்ச்சர் அத்தனை சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மெதுமையாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை பாதுகாப்பானது. பாறை விளிம்பில் சூரியன் பாதி மறைந்திருக்கும்போது நட்சத்திரக் கதிர் வேண்டும் என்றால் மட்டும் எஃப் 16. சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது லென்ஸ் பாதுகாப்புக்கு மாட்டிய யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், படத்தின் நடுவே மிதக்கும் பச்சைப் புள்ளிகளில் பல அதனால் வருபவை. லென்ஸில் ஒட்டிய உப்பும் படத்தைக் கெடுக்கும்.

எக்ஸ்போஷர், அதாவது சென்சாரில் எவ்வளவு ஒளி விழ விடுவது என்பதுதான் இந்த வேலையின் இதயம். சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, எஃப் 11, இரண்டையும் பூட்டிவிட்டு ஷட்டர் வேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் தாழ இறங்கிய நிலையில் வானத்துக்கு 1/60 வினாடி வாக்கில் தொடங்கலாம். மறையும் தருணத்தில் 1/30. மறைந்து பத்து நிமிடத்தில் 1/4 வினாடிக்கு வந்திருக்கும். இருபது நிமிடத்தில் 2 முதல் 4 வினாடி. மறைந்த பிறகு சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறைகிறது. முதலில் மெதுவாக, கடைசியில் வேகமாக. பெரும்பாலான கேமராக்களில் ஒரு ஸ்டாப் என்பது டயலில் மூன்று கிளிக். மூன்று நிமிடத்துக்கு மூன்று கிளிக் என்று கை தானாகவே திருப்பப் பழகிவிட்டால், கண் முழுக்கக் காட்சியிலேயே நிற்கும். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும், படத்தின் இருள் முதல் வெளிச்சம் வரையான பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமை ஒரு பார்வை பாருங்கள், அவ்வளவுதான்.

எந்த ஹிஸ்டோகிராம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெள்ளை ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கலந்து காட்டுவது. அந்தி வானத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. சிவப்பு வழிந்த பிறகும் வெள்ளை வளைகோடு நடுவிலேயே நல்ல பிள்ளையாக இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் செம்மஞ்சளாக இருந்த வானம் வெளிறிய மஞ்சளாக மாறியிருக்கும். மெனுவில் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வளைகோடு வலது சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனின் வட்டம் மட்டும் வழிவதைத் தவிர்க்க முடியாது. அதைச் சுற்றியுள்ள வானம் வழியக் கூடாது. கண் கூசும் அளவுக்குச் சூரியன் வெண்மையாக இருக்கும்போது கேமராவிலும் அது வெள்ளை ஓட்டையாகத்தான் வரும். அந்த நேரத்தில் சூரியனைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டு, அதன் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாறையையும் மணலையும் எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். செம்மையைப் பிழை என்று நினைத்து அது திருத்தப் பார்க்கும். டேலைட்டில், அதாவது 5200 முதல் 5500 கெல்வின் வரை, நிறுத்திவிடுங்கள். ரா ஃபைலில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், அந்த இடத்தில் திரையில் தெரிவது தவறாக இருந்தால் உங்கள் முடிவுகளும் தவறாகும்.

வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பாறை கருத்துவிடும். இதற்கு மூன்று வழி. ஒன்று, கருப்பாகவே விடுவது. பனையும் வள்ளமும் கலங்கரை விளக்கமும் நிழலுருவாகவே அழகு. உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், கேமராவைத் தாழ வைத்து ஒவ்வொன்றும் வானத்தின்மீது தனியாக நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு, மேல் பாதி மட்டும் கருமையான ஜி.என்.டி. ஃபில்டர். கடலின் நேர்கோட்டுக்கு விளிம்பு கூர்மையான வகை பொருந்தும். மலைக்கும் பனைக்கும் விளிம்பு மெதுவாக மாறும் வகை. கூர்மையானதைப் பனந்தோப்பில் போட்டால் மரங்களின் தலை எல்லாம் வெட்டியது போலக் கருத்துவிடும். இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் அளவு போதும். மூன்று, பிராக்கெட்டிங்: அதே சட்டகத்தில் இரண்டு ஸ்டாப் குறைவாக, சரியாக, இரண்டு ஸ்டாப் கூடுதலாக மூன்று படங்கள் எடுத்து வீட்டில் சேர்ப்பது. செலவில்லாத வழி. ஆனால் அலை ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் இருக்கும். மென்பொருள் தானாகச் சேர்த்தால் நுரை இரட்டையாகத் தெரியும். அலைப் பகுதியை ஒரே படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டால் அது சரியாகும்.

அலைக்கு ஷட்டர் வேகம் ரசனை சார்ந்தது என்பார்கள். ஓரளவு உண்மை. 1/500 துளிகளை நிறுத்தும். 20, 30 வினாடி கடலைப் பனிமூட்டமாக்கும். 1/15 மட்டும் வேண்டாம். கை ஆடிய படம் போலத்தான் தெரியும். நான் பரிந்துரைப்பது 1/2 முதல் 1 வினாடி. அலை கரையேறி முடிந்து, திரும்ப இழுக்கத் தொடங்கும் நொடியில் அழுத்தினால், பாறைகளைச் சுற்றி நுரை கோடு கோடாக நீளும். கடலுக்கு ஒரு வேகமும் திசையும் இருப்பது படத்தில் அப்போதுதான் தெரிகிறது. சூரியன் மறையும் முன் 1/60 வரும் வெளிச்சத்தில் 6 ஸ்டாப் ஃபில்டரை மாட்டினால் சரியாக 1 வினாடி. மறைந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனபின் ஃபில்டரே வேண்டாம், இயற்கையாகவே அந்த வேகம் வந்துவிடும். ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்ற வசதியை மெனுவில் அணைத்து வையுங்கள். 30 வினாடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 வினாடி அது கேமராவைப் பிடித்துவைக்கும். நீல வெளிச்சம் மொத்தமே எட்டு நிமிடம் நிற்கும் ஊரில் அதில் பாதியைத் தாரை வார்க்க முடியாது.

ஈர மணலில் முக்காலியை வைக்கும்போது கால்களை அழுத்திப் புதைத்துவிடுங்கள். மேலோட்டமாக வைத்தால் ஒவ்வோர் அலையும் காலடி மணலை அரித்து, ஒரு வினாடி எக்ஸ்போஷரில் கேமரா அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் படம் கெடும். மணலில் காலை ஊன்றிய பிறகு ஓர் அலை போகட்டும்; மட்டம் பார்த்துவிட்டு அடுத்த அலைக்கு எடுங்கள். தொடுவானம் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கடல் வழிந்து ஓடுவது போலத் தெரியும் என்பதால் கேமராவின் மட்டக்கோட்டை இயக்கி வையுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை அணையுங்கள். இரண்டு வினாடி டைமரில் எடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். குமரிக் கடற்கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆபத்து அதிலிருந்து வருவதில்லை. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயல் அனுப்பும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பது அதற்கான பெயர். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது; கிளம்பும் முன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பாறைக்கு இறங்காதீர்கள். இல்லாத நாளிலும், இறங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் மேலே நின்று அலை எதுவரை நனைக்கிறது என்று கவனியுங்கள். நனைந்து கருத்த பாறையில் காலை வைக்கக் கூடாது, பாசி படிந்திருக்கும். வ்யூஃபைண்டரில் கண் வைத்திருக்கும் நேரத்தில் கடலைப் பார்த்துக்கொள்ள உடன் ஒருவர் இருப்பது நல்லது.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும். கேமராவை மடிக்காதீர்கள். உயர்ந்த மேகம் இருந்தால் மறைந்து ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள்தான் வானம் உண்மையில் பற்றி எரியும். அதற்கு முன்பு ஒருமுறை கிழக்கே திரும்புங்கள். கிழக்குத் தொடுவானத்தில் சாம்பல்நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும். அது பூமியின் நிழல். அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை. கன்னியாகுமரிக் கரையிலிருந்து கிழக்கே பார்த்தால் விவேகானந்தர் பாறையும், பீடத்தோடு 133 அடி உயர வள்ளுவர் சிலையும் அந்தப் பட்டைக்கு முன்னால் நிற்கும். மேற்கே எத்தனையோ பேர் எடுக்கும் படத்தைவிட இது அரிது. சென்னை, மாமல்லபுரம், தரங்கம்பாடி என்று கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்குக் கடலில் சூரிய மறைவு கிடையாது என்ற குறை வேண்டாம். இந்தப் பட்டை அவர்களுக்கு நேர் எதிரே கடலின்மேல் எழுகிறது.

பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அதே கிழக்கில் நிலாவும் எழும். சித்ரா பௌர்ணமிக்கு, சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் ஒரே இடத்தில் காணக் கன்னியாகுமரியில் கூட்டம் கூடும். அப்போது சூரியன் கரையோரத்தை ஒட்டி இறங்கும் என்பதை நினைவில் வைத்து இடம் பிடிக்க வேண்டும். படத்துக்கு இன்னும் வசதியானது பௌர்ணமிக்கு முந்தைய மாலை. நிலா சூரிய மறைவுக்கு முன்பே எழுந்து, வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே தொடுவானத்துக்குச் சற்று மேலே வந்திருக்கும். நிலாவின் முகமும் சிலையும் கடலும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். பௌர்ணமியன்று வானம் இருண்ட பிறகு எடுத்தால் நிலா வெறும் வெள்ளை வட்டமாகிவிடும்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் மேலே சொன்ன திசையும் நேரமும் மேகமும் அப்படியே பொருந்தும். லென்ஸைத் துடையுங்கள். சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கீழே இழுத்துக் குறையுங்கள். ஜூம் செய்யாதீர்கள். சின்ன முக்காலியில் நிறுத்தினால் மறைந்தபின் இருபதாவது நிமிடத்திலும் நல்ல படம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை முக்காலியின் கால் பூட்டுகளைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசுவது. உப்பு ஓர் இரவில் உலோகத்தைப் பிடிக்கத் தொடங்கிவிடும். லென்ஸில் முதலில் காற்றடிப்பானால் மணலை ஊதிவிட்டு, பிறகு சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

எடிட்டிங்கில் கை அடக்கம் வேண்டும். லைட்ரூமோ இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளோ, வரிசை ஒன்றுதான்: ஒயிட் பேலன்ஸ், மொத்த வெளிச்சம், ஹைலைட்டைக் குறைத்தல், நிழலைக் கொஞ்சம் தூக்குதல். நிழலை முழுவதும் தூக்கினால் பனை ஓலைகளின் விளிம்பில் வெள்ளை வளையம் தோன்றும், மாலை நண்பகலாகிவிடும். கருப்பு கருப்பாகவே இருக்கட்டும். சாச்சுரேஷனைத் தொடவே வேண்டாம். சிவப்பை வழியவிடாமல் எடுத்திருந்தால் நிறம் ஏற்கெனவே ஃபைலுக்குள் இருக்கிறது. எஃப் 11, எஃப் 16-இல் எடுத்த வானத்தில் சென்சார் தூசி சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மேல் இடது மூலையிலிருந்து வரிசையாகத் துடைத்து வாருங்கள். கடைசியில் ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை 90-க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால், செம்மையிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் வானம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இதே கதிதான், படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.